ஷன்ட் ஜெனரேட்டர் மாடல் 0 வோல்ட்டிலேயே நின்றால்

டிசி ஷன்ட் ஜெனரேட்டரை ஸ்பைஸ் (SPICE) என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் வரைந்திருந்தேன்: ஒரு வோல்டேஜ் சோர்ஸ், அதோடு தொடரில் ஆர்மச்சரின் (சுழலும் சுருளின்) ரெசிஸ்டன்ஸும் இண்டக்டன்ஸும், டெர்மினலுக்குக் குறுக்கே காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயில். சோர்ஸின் வோல்டேஜ் ஃபீல்டு கரண்டுக்கு நேர்விகிதம். ஓட்டினால் வெளியீடு 0. ஃபீல்டு கரண்ட் இல்லாமல் வோல்டேஜ் வராது, வோல்டேஜ் இல்லாமல் ஃபீல்டு கரண்ட் வராது. நிஜ மெஷினில் இந்த முடிச்சை அவிழ்ப்பது இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தம்தான். அதனால் சோர்ஸின் சமன்பாட்டில் 6 வோல்ட் மாறிலி ஒன்றைச் சேர்த்தேன். உடனே எழும்பியது, ஆனால் நிற்கவே இல்லை, ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. சரி என்று அந்த நேர்விகித நேர்கோட்டை எடுத்துவிட்டு, இரும்பு செறிவடைவதை, அதாவது ஓர் அளவுக்கு மேல் காந்தம் பெரிதாக ஏறாததைக் காட்ட, ஏறிப் பின் தட்டையாகும் டேன்ஹெச் (tanh) வளைவு போட்ட பிறகுதான் 220 வோல்ட் பக்கம் நிலைத்தது. எனக்கு இதுதான் இந்த மாடலின் உயிர். அப்புறம், ஆர்மச்சர் ரெசிஸ்டன்ஸை வெறும் மல்டிமீட்டரில் அளக்காதீர்கள், பிரஷ் (ரோட்டரில் உரசி கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டு) தொடர்பு கணக்கைக் கெடுத்துவிடும். ரோட்டரை நிறுத்திவைத்து, கரண்ட் செலுத்தி, வோல்டேஜை அளந்து வகுத்துப் போடுங்கள்.