மாற்றம் செய்த காருக்கு வாரண்டி மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

கூடுதல் விளக்கு பொருத்திய காரில் ஏசி கம்ப்ரசர் பழுதானால், "வெளியில் வயரிங் வேலை பார்த்திருக்கிறீர்கள், வாரண்டி கிடைக்காது" என்று சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிடுவதுண்டு. உரிமையாளர்கள் பலர் அதையே இறுதி முடிவாக எடுத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். காரில் மாற்றம் இருக்கிறது என்பது ஒன்று, அந்த மாற்றத்தால்தான் இந்தப் பழுது வந்தது என்பது முற்றிலும் வேறு. மறுப்பை எதிர்த்து நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் திரட்டும் ஒவ்வொரு ஆவணமும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

முதலில் வாரண்டி புத்தகத்தின் விலக்குப் பகுதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். "மாற்றத்தினால் ஏற்பட்ட பழுதுக்கு வாரண்டி பொருந்தாது" என்று எழுதியிருந்தால் உங்கள் நிலை வலுவானது. "மாற்றம் செய்யப்பட்ட வாகனத்துக்கு வாரண்டி பொருந்தாது" என்றிருந்தால் வழக்கு கடினமாகும். ஆனாலும் தொடர்பே இல்லாத பாகத்துக்கு அந்த நிபந்தனையைப் பயன்படுத்துவது நியாயமற்றது என்று வாதிட இடமுண்டு. இணையத்தில் இது குறித்துக் கிடைக்கும் அறிவுரைகளில் பல, அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. அந்தச் சட்டம் இந்தியாவில் செல்லாது என்பதால் அதை மேற்கோள் காட்டி நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். இங்கே உங்களுக்குத் துணை நிற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

அடுத்து, மறுப்பை எழுத்தில் பெறுங்கள். எந்தப் பாகம் பழுதானது, எந்த மாற்றம் அதற்குக் காரணம், எப்படிக் காரணமாயிற்று, எந்தச் சோதனையில் அது தெரியவந்தது, வாரண்டியின் எந்த நிபந்தனையின்கீழ் மறுக்கிறார்கள் ஆகிய கேள்விகளை டீலருக்கும் உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஜாப் கார்டின் (காரில் உள்ள குறையையும் செய்யும் வேலையையும் சர்வீஸ் சென்டர் பதியும் தாள்) நகலையும் ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீடுகளின் அச்சுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். காரணத்தை விளக்காமல் வெறுமனே "மாற்றம் செய்யப்பட்டுள்ளது" என்று மட்டும் பதில் வந்தால், பின்னாளில் அந்தப் பதிலே உங்களுக்குச் சாதகமான ஆவணமாகும்.

பழுதான பாகம்தான் இந்த வழக்கின் உயிர். அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது. எனவே பாகத்தை அப்புறப்படுத்தக் கூடாது என்று எழுத்தில் தெரிவியுங்கள். கார் இல்லாமல் சமாளிக்க முடியாமல் பணம் கட்டிச் சரிசெய்ய நேர்ந்தால், ஆட்சேபத்துடன் கட்டுவதாகக் கடிதம் கொடுத்து, பழைய பாகத்தை உங்கள் வசம் வாங்கி வையுங்கள். அதற்கு முன்பே, டீலருடன் தொடர்பில்லாத ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து காரைப் பார்வையிடச் செய்து, பழுதுக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்று அவர் கையொப்பமிட்ட அறிக்கை வாங்குவது மிகவும் பயன் தரும். விலக்கு பொருந்தும் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் அதை மட்டும் நம்பி வெறுங்கையோடு போக வேண்டாம்.

உங்கள் மாற்றத்தையும் நேர்மையாக எடைபோடுங்கள். ஈசியூ ரீமேப் செய்து, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றி, எஞ்சின் திறனைக் கூட்டிய காரில் டர்போவோ கிளட்ச்சோ போனால், அல்லது அளவு மீறிய அலாய் வீல் போட்ட காரில் வீல் பேரிங் தேய்ந்தால், வெல்வது கடினம். அதே அலாய் வீலைக் காட்டித் தொடுதிரைக்கு வாரண்டி மறுத்தால் தயங்காமல் எதிர்த்துப் போராடுங்கள். புகார் கொடுக்குமுன் மாற்றத்தை ரகசியமாகக் கழற்றுவது தவறு. அது வெளிப்பட்டால் உங்கள் மற்ற எல்லாச் சொல்லும் மதிப்பிழக்கும். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதால், எதிர்த்தரப்பு அதையும் எழுப்பும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருங்கள்.

நிறுவனம் இறங்கி வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். அங்கே சமரச முயற்சிதான் நடக்குமே தவிர தீர்ப்பு கிடைக்காது. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். காருக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் வழக்கு அங்கேயே வரும். கணக்கில் கொள்ளப்படுவது பழுதுச் செலவு அல்ல, கொடுத்த விலை. நீங்கள் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். டீலர், உற்பத்தி நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்காவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பார். பதில் அளிக்க அவர்களுக்கு 30 நாட்களும், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாட்களும் உண்டு. அதற்கு மேல் அவகாசம் தர இயலாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்ப்பளித்துள்ளது. பாகத்தை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருப்பதால், அதற்கான மனுவையும் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். புகாரில் இலவசப் பழுதுநீக்கம் அல்லது கட்டிய பணம், இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.