சுவிஸ் மலையில் ஸ்னோஷூ நடை: பனிச்சரிவு பற்றி முதலில் தெரிய வேண்டியவை

மார்கழி, தையில் யாழ்ப்பாணத்தில் இருந்து சுவிஸ் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே வளர்ந்த மருமக்கள் "வாங்கோ மாமா, ஸ்னோஷூ போட்டு மலைக்குப் போவம்" என்று கூப்பிடுவார்கள். ஸ்னோஷூ என்பது பனியில் கால் புதையாமல் இருக்கச் சப்பாத்தில் மாட்டும் அகன்ற தட்டு. அடையாளமிட்டுத் திறந்துவைத்த பாதை என்றால் தாராளமாகப் போங்கள். அதைத் தாண்டினால் உங்கள் உயிருக்கு நீங்கள்தான் பொறுப்பு.

பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியில் ஒட்டாத குருணை அடுக்கு ஒன்று இருந்து, மேலே காற்று இறுக்கிய பாளம் கிடந்தால் ஆபத்து. சீமெந்து முற்றத்தில் காயும் நெல்லின் மேல் சாக்கை விரித்து, அதில் கால் வைத்துப் பாருங்கள், அதே வழுக்கல்தான். சத்தம் போட்டால் பனி சரியும் என்பது சினிமாக் கதை. ஆட்கள் அகப்படும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது அவர்களோ கூட வந்தவரோதான்.

1. முதல் நாள் பின்னேரம் பனிச்சரிவு அறிக்கை பாருங்கள். டாவோஸில் உள்ள, பனியையும் பனிச்சரிவையும் ஆராயும் எஸ்.எல்.எஃப். நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை விடும். 'வைட் ரிஸ்க்' ஆப்பிலும் கிடைக்கும். ஆபத்து 1 முதல் 5 வரை. 3 என்றதும் "நடுத்தரம்தானே" என்று எண்ண வேண்டாம். சாவுகள் அதிகம் நடப்பது 3 அன்றுதான். 4, 5 என்றால் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அறிக்கை எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம் என்றும் சொல்லும். இலக்கத்தை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள்.

2. மலைச்சரிவை அளந்து பாருங்கள். பனியின் உள்ளடுக்கைப் படிக்க வருடக்கணக்கில் பழக வேண்டும். சரிவின் பாகையை இன்றைக்கே பழகலாம். இரண்டு அடிப் பலகையின் ஒரு நுனியை ஒரு அடி உயர்த்துங்கள்: அதுதான் 30 பாகை. போனில் மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்து அதன் மேல் வைத்தால் சரிபார்க்கலாம். பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் பாளமாக உடையும் பனிச்சரிவுகள் அநேகமாக எல்லாமே 30க்கு மேல்தான் கிளம்புகின்றன. சுவிஸ் அரசின் சுவிஸ்டோப்போ வரைபடத்தில் மலைச்சரிவின் பாகை காட்டும் அடுக்கைப் போட்டால் 30 தாண்டிய இடங்கள் மஞ்சளில் தொடங்கி நிறம் காட்டும். நிறமில்லாத இடத்தால் வழி போடுங்கள். நிறத்துக்கு நேர் கீழேயும் நிற்க வேண்டாம். மேலே உடைவது கீழே சமதரைக்கும் வரும், கீழே நடப்பவரின் பாரமே மேலே உடைக்கவும் கூடும். என்னைக் கேட்டால் புதியவருக்கு இந்த ஒரு படியே முக்கால்வாசிப் பாதுகாப்பு.

3. நடக்கும்போது காதும் கண்ணும். காலடியில் "வும்ப்" என்று அமுங்கும் சத்தம், காலில் இருந்து ஓடும் வெடிப்பு, பக்கத்தில் புதிதாக விழுந்த பனிச்சரிவு: இவற்றில் ஒன்று கண்டாலும் செங்குத்தான பக்கம் போக வேண்டாம். காற்றோடு கொட்டிய புதுப்பனியும், திடீரென ஏறும் வெப்பமும் அப்படியே. வெயிலடித்து வடிவாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள்.

4. ஆளுக்கு மூன்று சாமான். பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பவும் தேடவும் உதவும், உடம்பில் கட்டும் சின்னக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் மடிகம்பி, சவள். மூன்றும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். ஒருவரிடம் இருந்து காணாது. பீக்கனை வெளிக்கிடும்போதே போட்டு, ஒருவருடையதை மற்றவர் சரிபாருங்கள். தேடும்போது போன் அதற்கு அரை மீற்றருக்குள் இருக்கக் கூடாது.

சந்தேகமான சரிவைத் தவிர்க்கவே முடியாவிட்டால் ஒருவர் ஒருவராகக் கடவுங்கள், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்க்கட்டும்.

5. ஒருவர் புதைந்தால். கடைசியாக ஆள் தெரிந்த இடத்தைக் கண்ணால் பிடித்துவையுங்கள். ஆட்கள் போதுமென்றால் ஒருவர் 1414க்கு அடிக்கட்டும். அது ரேகா (Rega) என்ற மீட்பு ஹெலிகொப்டர் சேவையின் இலக்கம். மற்றவர்கள் உடனே பீக்கனைத் தேடலுக்கு மாற்றுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைப்பவர்கள் அதிகம், பிறகு மூச்சுக்கு வழியின்றி வாய்ப்பு வேகமாகக் குறையும். ஹெலி அதற்குள் வருவது அரிது. கம்பி ஆளில் பட்டால் இழுக்காமல் அப்படியே விடுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் நின்று கம்பியை நோக்கித் தோண்டுங்கள். முகம் தெரிந்ததும் முதலில் வாயிலும் மூக்கிலும் அடைத்த பனியை எடுங்கள்.