சலக்கடுப்பு: முதல் குளிசைக்கு முன் கல்ச்சர் கொடுப்பது எப்படி

சலம் எரிந்ததும் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் சிப்ரோபிளாக்சசின் (கிருமிகொல்லி) குளிசை இரண்டைப் போடாதீர்கள். இரண்டு குளிசைக்கு இளகிய கிருமிதான் சாகும்; மருந்துக்கு மசியாதது தங்கிப் பெருகும். பிறகு கல்ச்சர் (சலத்திலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) கொடுத்தாலும் சலத்தில் இருக்கும் மருந்து கிருமியை வளர விடாது. 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வரும், கடுப்பு அப்படியே இருக்கும்.

எல்லோருக்கும் கல்ச்சர் தேவையில்லை. கர்ப்பிணிகள், ஆண்கள், சிறுபிள்ளைகள், சீனி வருத்தக்காரர், கடுப்பு திரும்பத் திரும்ப வருபவர்கள் கட்டாயம் கொடுக்கவேண்டும்.

ஆய்வுகூடத்துப் போத்தலையே வாங்குங்கள். ஜாம் போத்தலை அவித்துக் கழுவினாலும் சரிவராது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெண்கள் முன்னிருந்து பின்னாகவும், ஆண்கள் முன்தோலைப் பின்தள்ளியும் சலம் போகும் இடத்தை வெறும் தண்ணீரால் கழுவவேண்டும். டெட்டோல் வேண்டாம், அது போத்தலுக்குள் போனால் தேடுகிற கிருமியே செத்துவிடும். முதலில் வரும் சலத்தைக் கழிவறையில் விட்டு, நடுவில் வருவதில் 20 மில்லிலீற்றர் அளவு பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது.

அதிகம் பிழை நடப்பது இதற்குப் பிறகுதான். சலக்கடுப்பைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை என்ற கிருமி உடற்சூட்டில் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். தூர ஊர்களான புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ திருகோணமலை வெயிலில் பஸ்ஸில் வரும் போத்தலில், தோலிலிருந்து விழுந்த நாலு கிருமியும் நோய்க்கிருமிபோலப் பெருகிவிடும். 'கலப்பு வளர்ச்சி' (பல கிருமிகள் கலந்திருக்கின்றன) என்று வந்தால் திரும்பவும் கொடுக்கவேண்டியதுதான். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒப்படைக்க முடியாவிட்டால் ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள், உறையவிடாதீர்கள். பிரிட்ஜில் 4 பாகையில் 24 மணித்தியாலம் தாங்கும்.

ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் செல்லும். அதில் 'எஸ்' என்றால் மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. 'ஈ.எஸ்.பி.எல்' என்றிருந்தால் செபுரொக்சிம் போன்ற கிருமிகொல்லி மருந்துகளை அந்தக் கிருமி உடைத்துவிடும். அப்போதும் நைட்ரோபியூரன்டோயின் என்ற மருந்து பலமுறை கைகொடுக்கும். சாப்பாட்டோடு எடுக்கவேண்டும், சலம் கடும் மஞ்சளாகப் போனால் பயப்படவேண்டாம். ஆனால் அது சலப்பைக்கு மட்டுமான மருந்து, சிறுநீரகத் தொற்றுக்கு உதவாது. ஆகவே குளிர்காய்ச்சல், விலா நோ, சத்தி இருந்தால் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடுப்போ காய்ச்சலோ இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வந்தால், கர்ப்பிணிகளைத் தவிர அனேகருக்கு மருந்து தேவையில்லை. இது பலருக்கு நம்பக் கஷ்டம், ஆனால் வீணாகப் போடும் ஒவ்வொரு கோர்ஸும் குடலில் இருக்கும் கிருமியையும் மருந்துக்குப் பழக்கிவிடும். அடுத்த கடுப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். பழைய ரிப்போர்ட்டை எறியாமல் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். அடுத்தமுறை டொக்டர் முதல் மருந்தை அதைப் பார்த்தே தெரிவு செய்யலாம்.