பெர்லினுக்கு வரும் தங்கைக்கு: முதலில் முடியைப் பார்

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊரிலிருந்து யாராவது ஒருத்தி போன் செய்வாள். "அக்கா, எனக்கு பெர்லினில் இடம் கிடைத்துவிட்டது, என்னென்ன எடுத்து வரணும்?" ஒருத்திக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவள் கூப்பிடுவாள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன். என் பெயர் அகோசுவா. எங்கள் ஆக்கான் இன வழக்கப்படி, ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண் என்று பொருள். ஊர் கானாவின் குமாசி. 2016 நவம்பரில் வந்தேன். மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. வீடு பெர்லினின் வெடிங் பகுதியில்.

குளிருக்குக் கோட்டு வாங்கு, பூட்ஸ் வாங்கு என்று எல்லாரும் சொல்வார்கள். அதை அவர்களே சொல்லட்டும். நான் முடியிலிருந்து தொடங்குகிறேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், உனக்குப் பழக்கமான கையால் சடை பின்னிக்கொண்டு வா. நல்ல பின்னல் ஆறு முதல் எட்டு வாரம் தாங்கும். வந்த முதல் இரண்டு மாதம் அலுவலகம், வங்கி, வீடு என்று அலைவதிலேயே போய்விடும். தலையைப் பற்றி யோசிக்க நேரமே இருக்காது. நான் அப்படிச் செய்யவில்லை. அவிழ்த்த தலையோடு வந்து, மூன்றாம் வாரம் தெருமுனையில் இருந்த சாதாரண சலூனுக்குள் போனேன். அங்கிருந்த பெண் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் தலையைச் சுற்றி ஒரு வலம் வந்தாள். "இந்த மாதிரி முடி நாங்கள் செய்வதில்லை" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், காசும் வாங்கவில்லை. கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

நமக்கான கடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. வெடிங்கில் ம்யூலர் வீதியிலும் லியோபோல்ட்பிளாட்ஸை ஒட்டிய சந்துகளிலும் ஆஃப்ரோ ஷாப்புகள், அதாவது ஆப்பிரிக்கச் சாமான் கடைகள், உண்டு. நகரின் நொய்கோல்ன் பகுதியிலும் உண்டு. சவுரி, தோலில் தடவும் ஷியா வெண்ணெய், மரவள்ளி மாவு, செம்பனை எண்ணெய் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். உள்ளே போனதும் சாமானைத் தேடாதே. கல்லாவில் இருக்கும் ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "யார் நன்றாகப் பின்னுவார்கள்?" என்று கேள். கைதேர்ந்த பலர் கடைக்குப் பின்னறையிலோ தங்கள் வீட்டிலோதான் பின்னுகிறார்கள். பெயர்ப்பலகை எதுவும் இருக்காது.

உட்காருவதற்கு முன் மூன்று விஷயம் பேசிக்கொள். விலையில் சவுரியும் சேர்த்தியா, எத்தனை மணி நேரம் ஆகும், ரொக்கம்தானா. இடுப்பு வரை நீளமான மெல்லிய பின்னலுக்கு நான் 140 யூரோ கொடுக்கிறேன். ஆறு மணி நேரம் பிடிக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போ, பின்னுகிறவளுக்கும் சேர்த்து. இடையில் யாராவது வந்து அவளைப் பேச்சுக்கு இழுப்பார்கள், ஆறு மணி எட்டாகும். கோபப்படாதே. வீடு, வேலை, நல்ல டாக்டர் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி அந்த நாற்காலியில் கேட்டதுதான்.

பெர்லின் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலின் அடியில் ஒரே மாதத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதே சுண்ணாம்புதான் நம் முடியிலும் உட்கார்ந்து, தொட்டால் வைக்கோல் மாதிரி ஆக்கிவிடுகிறது. மாதம் ஒரு தடவை சுண்ணாம்பை எடுக்கும் ஷாம்பூ போடு. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பிள் வினிகர் கலந்து கடைசியாக அலசு. கம்பளித் தொப்பிக்கு உள்ளே சாட்டின் துணி வைத்துத் தைத்துக்கொள். கம்பளி நேராக முடியில் உரசினால் முன்நெற்றி ஓரம்தான் முதலில் உதிரும்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது முடியை இழுத்துக் கட்டி, முகம் முழுதும் தெரிகிற மாதிரி எடுத்துக்கொள். நான் சுருள் முடியைப் பந்து மாதிரி விரித்துவிட்ட பெரிய ஆஃப்ரோவோடு எடுத்திருந்தேன். சடை பின்னிக்கொண்டு போன அன்று வேலை செய்யும் இடத்தில் வாசல் காவலர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இன்று புதிதாகச் சேருகிறீர்களா?" என்றார். அப்போது நான் அங்கே சேர்ந்து இரண்டு வருடம்.

அப்புறம், தொட வருகிற கைகள். டிராமில், அலுவலக விருந்தில், ஒருமுறை ரொட்டிக் கடை வரிசையில். பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது; அதற்காகத் தொட விட வேண்டும் என்றும் கிடையாது. ஜெர்மனில் நீ மனப்பாடம் செய்ய வேண்டிய முதல் வாக்கியம், "பிட்டே நிஷ்ட் அன்ஃபாஸன்." தயவுசெய்து தொடாதீர்கள். சிரித்துக்கொண்டே சொல்லாதே. சிரித்தால் விளையாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் போ. கண்ணாடி முன் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொள், தேவைப்படும் நேரத்தில் மொழி காலை வாரிவிடும்.

காகித வேலை

இது சலிப்பான விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பெயர் அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட குடியிருப்புச் சான்று வேண்டும். பதிவு அலுவலகமான பியூர்கரம்டில் நேரம் கிடைப்பதுதான் பாடு. உன் பகுதி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை; நகரத்தில் எங்கே காலி இருந்தாலும் எடு. காலையில் எழுந்ததும் இணையத்தில் பார், புது நேரங்கள் அப்போது வரும். 115 என்ற எண்ணுக்கும் போன் செய்து கேட்கலாம். "அறை தருகிறேன், ஆனால் அன்மெல்டுங் செய்யக் கூடாது" என்று சொல்பவரிடம் அறை எடுக்காதே. பதிவு இல்லாமல் வரி எண் வராது. வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் அதிகமாகப் பிடித்தம் ஆகும்.

இங்கே வீடுகளுக்குக் கதவு எண் போடும் பழக்கம் அநேகமாக இல்லை. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். சாவி வாங்கிய அன்றே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயரை ஒட்டு.

வீடு தேடும்போது அதே பெயர்தான் தடையாகவும் நிற்கும். ஒரு முகவர் என்னிடம் போனில் "அந்த வீடு போய்விட்டது" என்றார். பத்து நிமிஷம் கழித்து, ஜெர்மன் குடும்பப் பெயர் கொண்ட என் சக ஊழியர் ஒருத்தி அதே எண்ணுக்குப் பேசினாள். வியாழக்கிழமை வந்து பாருங்கள் என்றார்கள். இப்படி நடந்தால் நேரம், தேதி, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்து வை, மின்னஞ்சலை அழிக்காதே. 2006-இல் வந்த, எல்லாரையும் சமமாக நடத்தச் சொல்லும் சட்டம் வீட்டு வாடகைக்கும் பொருந்தும். ஆனால் இழப்பீட்டை இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கோர வேண்டும். நான் அப்போது அது தெரியாமல் மூன்றாம் மாதம் விசாரித்தேன். கடைசியில் எனக்கு வீடு கிடைத்தது எங்கள் கானா கிறிஸ்தவ சபையில் பாடும் ஒரு அம்மா மூலமாக. முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். இதை வீட்டுக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

குமாசியில் ஞாயிறு என்றால் மேளம், ஒலிபெருக்கி, சபையிலிருந்து வரும் கூட்டம், மதியம் வீட்டுக்கு வீடு உரல் சத்தம். பெர்லினில் அன்று கடைகள் மூடியிருக்கும், நகரமே வாயை மூடியிருக்கும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையும், ஞாயிறு முழுவதும் சத்தம் போடக் கூடாது. துளை போடும் கருவி வேண்டாம், கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போடுவதும் வேண்டாம்.

எனக்கு இது யாரும் சொல்லவில்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் ஆஃப்ரோ ஷாப்பில் மர உரலும் உலக்கையும் வாங்கினேன். முதல் ஞாயிறு மரவள்ளியும் வாழைக்காயும் அவித்து, நடு அறையில் வைத்து, களி மாதிரியான எங்கள் ஃபூஃபூ இடித்தேன். பழைய கட்டடம், மரத்தளம். நாற்பது நிமிஷம். மறுநாள் மாடிப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "அன்புள்ள அண்டை வீட்டாரே, ஞாயிறுகளில் சீரமைப்பு வேலை செய்வதைத் தவிர்க்கவும்." நான் சுவரை இடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

தாள் ஒட்டுவது இங்கே சண்டைக்கு அறிகுறி இல்லை, அது ஒரு பேச்சு முறை. நானும் பதில் தாள் ஒட்டினேன், மன்னிக்கவும், அது சமையல் என்று. அதற்குக் கீழே யாரோ பென்சிலால் "என்ன சமையல்?" என்று எழுதியிருந்தார்கள். அதிலிருந்து ஃபூஃபூ மாவு வாங்கிப் பாத்திரத்தில் கிண்டுகிறேன். கை வலிக்கக் கிண்டினால் முக்கால்வாசி அந்தப் பதம் வரும். மீதிக் கால்வாசிக்கு ஊருக்குத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமையே சாமான் வாங்கி வை. வெண்டைக்காய்க்கும் கருவாட்டுக்கும் இலங்கைத் தமிழர் மளிகைக் கடைகள் நல்லவை. நொய்கோல்னில் மைபாக் கால்வாய்க் கரையில் செவ்வாயும் வெள்ளியும் சந்தை கூடும். மாலையில் கடை கட்டும் நேரம் போனால் காய்கறியைக் கூடையோடு மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

தோலும் டாக்டரும்

டிசம்பர் கடைசியில் சூரியன் காலை எட்டேகாலுக்கு எழுந்து மாலை நாலு மணிக்குள் போய்விடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த ஊர் வெயிலில் வைட்டமின் டி சரியாக உருவாகாது, கறுத்த தோலுக்கு இன்னும் குறைவு. இரண்டாம் குளிர்காலத்தில் மாடி ஏறவே எனக்குக் கால் கனத்தது. சோம்பல் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் ரத்தம் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு! வந்தவுடன் உன் வீட்டருகே குடும்ப மருத்துவர் ஒருவரைப் பிடித்துக்கொள், வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல். அறிகுறி இல்லாவிட்டால் அந்தப் பரிசோதனைக்குக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கலாம். மாத்திரையின் அளவை டாக்டர் சொல்லட்டும், நீயாக அள்ளிப் போட்டுக்கொள்ளாதே.

ஹீட்டர் காற்றில் தோல் சாம்பல் பூத்துப்போகும். ஈரம் காய்வதற்குள் ஷியா வெண்ணெய் தடவு. மருந்துச் சாமான் கடைகளில் யூரியா கலந்த மலிவான க்ரீம் கிடைக்கும், அதுவும் நல்லது. தோலில் தடிப்பு வந்தால் தினமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் போ. "சிவப்பாக இல்லையே" என்று ஒருவர் என்னைத் திருப்பி அனுப்பினார். நம் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாகவோ கருமையாகவோ தெரியலாம் என்று நீயே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது எல்லாருக்கும் பொதுவாக "கூட்டன் டாக்" சொல். நம் ஊரிலும் அப்படித்தானே, நுழைபவர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்.

பார்வை, கேள்வி

பெர்லின்காரர்கள் உற்றுப் பார்ப்பார்கள். எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். உன்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பார்கள். குமாசியில் வெள்ளைக்காரர் நடந்தால் பிள்ளைகள் "ஒப்ரோனி, ஒப்ரோனி" என்று பின்னாலேயே ஓடுவோம், நானும் ஓடியிருக்கிறேன். அந்தக் கடனை இங்கே அடைக்கிறேனோ என்று சில நாள் தோன்றும். ஆனால் நாங்கள் யாருக்கும் வாடகை வீட்டை மறுத்ததில்லை.

"எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டால் எனக்கு வலிக்காது, நான் குமாசியிலிருந்துதான் வந்தேன். இங்கேயே பிறந்த கறுப்பின ஜெர்மானியத் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் "பெர்லின்" என்று சொன்னதும், "இல்லை, உண்மையில் எங்கிருந்து?" என்ற அடுத்த கேள்வி வருகிறது. அது வேறு வலி. அவளைப் போன்றவர்கள் கோபப்படும்போது "எனக்கு அப்படித் தோன்றவில்லையே" என்று குறுக்கே பேசாதே. நான் பேசியிருக்கிறேன், இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மனசு கனத்தால் நடக்கப் போ. என் வீட்டருகே உள்ள ஆப்பிரிக்க வட்டாரத்தின் பல தெருக்களுக்கு ஜெர்மனியின் பழைய காலனிகளின் பெயர்கள். கானா வீதியும் அங்கே உண்டு. குரோய்ட்ஸ்பெர்க்கில் ஸ்ப்ரே ஆற்றங்கரையில் ஒரு சாலைக்கு முன்பு குரோபன் என்பவரின் பெயர் இருந்தது. 1683-இல் இன்றைய கானாவின் கடற்கரையில் கோட்டை கட்டியவர் அவர். அடிமை வணிகத்துக்குப் பயன்பட்ட கோட்டை. 2010-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு மே அயிம் என்ற கறுப்பின ஜெர்மானியக் கவிஞரின் பெயரை வைத்தார்கள். அவருடைய அப்பா கானாக்காரர். நகர நடுவில் இன்னொரு தெருவுக்கு, கறுப்பினத்தவரைக் குறிக்கும் பழைய இழிசொல்லை நீக்கி, 2025 ஆகஸ்டில் அன்டன் வில்ஹெல்ம் ஆமோவின் பெயரைச் சூட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் தத்துவம் கற்பித்தவர், நம் கானாவின் அக்சிம் பக்கத்து ஆள்.

உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் வெடிங்கில் ஈச் ஒன் டீச் ஒன் அமைப்பின் நூலகம் இருக்கிறது. கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்கள் அங்கே உண்டு; பாகுபாடு நடந்தால் ஆலோசனையும் தருகிறார்கள். கறுப்பினப் பெண்களுக்கென்று அடெஃப்ரா என்ற அமைப்பு 1986-இலிருந்து இருக்கிறது. அரசு அலுவலகத்திலோ பள்ளியிலோ பிரச்சினை என்றால், 2020-இல் பெர்லின் மாநிலம் தனியாகக் கொண்டுவந்த பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் உண்டு. அதற்கென ஒரு குறைதீர்ப்பு அலுவலகமும் உண்டு. போலீஸ்காரர் நிறுத்தினால் நிதானமாக "ஏன் என்னைச் சோதிக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். அவர் சீருடையில் பெயரோ எண்ணோ இருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொள். குடியிருப்பு அட்டையை எப்போதும் பையில் வை.

பெட்டிக்குள்

சாட்டின் தொப்பி நாலு, அகலப் பல் சீப்பு இரண்டு, உன் நிறத்துக்கான ஃபவுண்டேஷன் ஒரு வருடத்துக்கு. அம்மா செய்த ஷிட்டோ தொக்கு இரண்டு பாட்டில், ஒவ்வொன்றையும் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, கறை பட்டாலும் கவலைப்பட வேண்டாத துணியில் சுற்றி வை. கருவாடு கொண்டு வரலாம். இறைச்சியும் பால் சாமானும் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

உரல் வேண்டாம். வேண்டுமென்றால் என்னுடையதை எடுத்துக்கொள். பால்கனியில் இருக்கிறது, அதில் இப்போது புதினா வளர்கிறது.