எம்டனும் பழைய வேட்டியும்: முதல் போர்க்கப்பல் மாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஐப்பசியில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் மழையில் நனைந்துகொண்டே ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். உள்ளே ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோ, 1:350 அளவு பிளாஸ்டிக் கிட். "அண்ணே, தீபாவளி லீவுல முடிச்சிடலாம்ல?" என்றான். அதுவரை அவன் ஒட்டியிருந்தது ஒரே ஒரு கார்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே முதல் தவறு நடந்து முடிந்திருந்தது. யமாட்டோவின் நீளம் 263 மீட்டர். 350ஆல் வகுத்தால் 75 சென்டிமீட்டர். நம் விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஷோகேஸ் தட்டு 60 சென்டிமீட்டர். கப்பலைக் குறுக்கே வைத்தால் கதவு மூடாது. இடத்தைக்கூட விடுங்கள், விமானந்தாங்கிக் கப்பலை எடுத்தால் ஒரே மாதிரி குட்டி விமானங்களைத் திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டும். பத்தாவது விமானத்தில் ஆசையே விட்டுப்போகும்.

சரி, 1:700 எடுத்தால் பாதி வேலைதானே என்று சிலர் நினைக்கிறார்கள். நீளம்தான் பாதி, கஷ்டம் இரண்டு மடங்கு. நிஜத்தில் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பி 1:350இல் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1:700இல் ஒன்றரை கூட வராது. என்னைக் கேட்டால், முதல் கப்பலுக்கு 110, 120 மீட்டர் நீளமுள்ள ஒன்றை 1:350இல் எடுப்பதுதான் நல்லது. ஓர் அடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்; கையில் பிடிக்கவும் தோதாக இருக்கும்.

நான் எடுத்தது எம்டன். 118 மீட்டர், மாடலில் 34 சென்டிமீட்டர். அதைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தனிக் காரணம் தேவைப்படவில்லை. சின்ன வயதில் கேட்ட வார்த்தை அது. "அவனா, சரியான எம்டனாச்சே" என்று பாட்டி யாரையோ சொல்வாள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் கப்பல், தமிழில் ஒரு வசவாகவும் பாராட்டாகவும் தங்கிவிட்டது. மூன்று புகைபோக்கி, பத்துப் பீரங்கி, பிரம்மாண்டமான கோபுரங்கள் எதுவும் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஏற்ற உருவம்.

அடுத்த தவறு, பெட்டி மேல் இருக்கும் படத்தை நம்பிப் பெயிண்ட் வாங்குவது. கப்பலுக்கு ஒரே நிறம் கிடையாது, தேதிக்கு ஏற்ற நிறம்தான் உண்டு. சமாதான காலத்தில் கிழக்காசியாவில் நின்றிருந்த எம்டன் வெள்ளை வெளேரென்று இருந்தது. சென்னைக்கு வந்த எம்டன் சாம்பல் நிறம். எந்த நாளின் கப்பலைச் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்தால் நிறம், கொடி, சின்னச் சின்னக் கருவிகள் எல்லாம் தானாக முடிவாகிவிடும். கொடி என்றதும் ஞாபகம் வருகிறது: ஜெர்மன் கப்பல் என்று கேட்டதுமே ஸ்வஸ்திகா ஒட்டத் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். 1914இல் ஏது ஹிட்லர்?

ஆனால் நான் பார்த்தவரை புதியவர்களின் கப்பல் கெடுவது கை நடுங்குவதால் அல்ல, வேலையின் வரிசை மாறுவதால். பையன் கார் செய்த பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டு அப்புறம் பெயிண்ட் அடிக்கலாம் என்றான். தாளித்துக் கொட்டிய பிறகு பருப்பை வேக வைக்கிற கதை அது. தளம் ஒரு நிறம், அதன் மேல் நிற்கும் அறைகள் வேறு நிறம், புகைபோக்கியின் வாய் கறுப்பு. எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால் இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே எந்த ப்ரஷ்ஷும் நுழையாது. கப்பலின் உடல், தளம், கப்பலை ஓட்டும் மேடை (பிரிட்ஜ்), புகைபோக்கி, பீரங்கி என்று தனித்தனித் துண்டுகளாகக் கட்டி, தனித்தனியாக நிறம் கொடுத்து, கடைசியில் சேர்க்க வேண்டும். கம்பங்களும் கைப்பிடிக் கம்பிகளும் எல்லாவற்றுக்கும் கடைசி. அவற்றை முதலில் நட்டுவிட்டால் நம் முழங்கையே அவற்றுக்கு எமன்.

கிட்டில் வரும் விளக்கத்தாளில் உள்ள எண் வரிசையும் வேதவாக்கு அல்ல. அது ஒட்டுவதற்கான வரிசை, நிறம் தீட்டுவதற்கானது அல்ல. முதல் நாள் எதையும் வெட்டாமல் தாளை முழுக்கப் படித்து, எந்தப் படியை எங்கே தள்ளிப்போடலாம் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு வருவோம். பாகங்கள் ஸ்ப்ரூ என்கிற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். கையால் திருகிப் பிய்த்தால் பாகத்தின் ஓரமும் சேர்ந்து போகும். நகவெட்டியும் வேண்டாம், அது நசுக்கும். சின்ன கட்டரால் பாகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் மெல்லச் சீவுங்கள். அதற்கு முன் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது நல்லது. அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகத் தடவியது பிசுக்காகத் தங்கியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

கப்பலின் உடல் பெரும்பாலும் இடது, வலது என்று இரண்டு பாதியாக வரும். இங்கேதான் பொறுமை காட்ட வேண்டும். பசையில்லாமல் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். அணியத்தில், அதாவது முன்முனையில், சரியாக உட்கார்ந்தால் பின்முனையான அமரத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும். கப்பல் உடல் நீளமானது, பெட்டிக்குள்ளேயே லேசாக வளைந்திருக்கலாம். ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் பசை போடாமல், முன்பக்கம் இரண்டு அங்குலம் ஒட்டி, டேப்பும் ரப்பர் பேண்டும் போட்டு ஒரு இரவு விட்டு, மறுநாள் அடுத்த இரண்டு அங்குலம் என்று நகர வேண்டும். தளத்தை இரண்டு பாதிக்கும் நடுவில் பொருத்திப் பார்க்காமல் உடலை மூடிவிட்டால், பிறகு தளம் உள்ளே இறங்காது, அல்லது ஓரத்தில் கால்வாய் மாதிரி இடைவெளி விழும்.

இடைவெளிக்குப் பட்டி பார்க்க வேண்டும். கார் டிங்கரிங் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல: மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, 400ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. ஆனால் பக்கத்திலேயே வட்ட ஜன்னல்களும் நங்கூரச் சங்கிலித் துளையும் இருக்கும். தேய்க்கிற ஜோரில் அவை வழுக்கையாகிவிடும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு இடைவெளியை மட்டும் தேயுங்கள். முடிந்துவிட்டது என்று கண் சொல்வதை நம்ப வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஒட்டின் குறுக்கே இழுங்கள். நகம் தடுக்கினால் வேலை பாக்கி. நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் அடித்ததும் மறைந்திருந்த கோடெல்லாம் பல்லிளிக்கும். அப்போது சலித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை பட்டி.

பசையில் ஒரு அனுபவம். பிளாஸ்டிக் சிமெண்ட் என்பது ஒட்டுகிற பசை அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குவது. நான் ஒட்டின் மேல் தாராளமாக விட்டேன். அது விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஊர்ந்து போனது எனக்குத் தெரியவில்லை. விரலை எடுத்தபோது எம்டனின் அணியத்தில் என் கட்டைவிரல் ரேகை, ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்தது போல அச்சாக. தொட்டுப் பிசையாமல் காயவிட்டு, பிறகு தேய்த்து எடுத்தேன். உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும். சூப்பர் குளூவின் குணம் வேறு: அதன் ஆவி பட்டுக் கண்ணாடிப் பாகங்கள் வெள்ளையாகப் பூத்துவிடும். கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும், காய்ந்ததும் தெளிவாகிவிடும்.

பெயிண்டுக்கு வந்தால் கடற்கரை ஊரின் கஷ்டம் தனி. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரிலும் புதுச்சேரியிலும் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஸ்ப்ரே கேனிலிருந்து வரும் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படியும். காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரி வெண்படலம் தெரியும். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை. மழை நின்ற மறுநாளும் அடிக்காதீர்கள். தை, மாசியில் வெயில் ஏறிய முற்பகல்தான் சரியான நேரம். கத்திரி வெயிலிலோ இதற்கு நேர்மாறு: அக்ரிலிக் பெயிண்ட் கப்பலைத் தொடும் முன்பே ப்ரஷ்ஷில் காய்ந்து திரிதிரியாக வரும். மொட்டைமாடியில் அடித்தால் மணலும் தூசும் இலவசம். ஜன்னலைத் திறந்துவைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அறைக்குள் அடிப்பதே மேல்.

கனமாக அடிப்பது இன்னொரு தவறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் படிந்தால், 1:350இல் அது மூன்றரை சென்டிமீட்டர். எம்டனின் பீரங்கி வாய் 10.5 சென்டிமீட்டர், மாடலில் 0.3 மில்லிமீட்டர். இரண்டு கோட் தடிப்பாக அடித்தால் பீரங்கி வாயே அடைத்துக்கொள்ளும். தண்ணீர்ப் பதமாகக் கலக்கி மூன்று, நான்கு முறை அடியுங்கள். முதல் முறை திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பதற வேண்டாம்.

இதே கணக்குதான் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு ஓடும் கம்பிகளுக்கும். தையல் நூல் 0.2 மில்லிமீட்டர் என்றால் நிஜக் கப்பலில் 7 சென்டிமீட்டர் வடம். தேர் இழுக்கலாம். நூலில் பஞ்சு வேறு நிற்கும். கடலூர் முதுநகரில் வலைக்கு விற்கும் நைலான் நரம்பையும் தேடிப் பார்த்தேன், அதில் மெல்லியதும் மாடலுக்குத் தடிப்பு. வெட்டிய ஸ்ப்ரூ துண்டை மெழுகுவத்தி மேல் சற்றுத் தள்ளிப் பிடித்து, இளகியதும் வெளியே எடுத்து இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். நாலைந்து தடவை அறுந்த பிறகு கை பழகிவிடும்.

அப்புறம் மின்விசிறி. பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த ஏணி ஒன்று, ஐந்து மில்லிமீட்டர் நீளம், இடுக்கியிலிருந்து நழுவியது. ஃபேன் மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தரை மொசைக். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட தரையில் பித்தளை ஏணியைத் தேடுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் சின்னப் பொருளுக்கும் நீளமாக நிழல் விழும். அப்படித்தான் கட்டிலடியில் கிடைத்தது. அதற்குப் பிறகு பழைய வேட்டியின் ஒரு விளிம்பை மேஜை ஓரத்தில் கிளிப் போட்டு, மறு விளிம்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருகிறேன். விழுவதெல்லாம் மடியில். வியர்த்தாலும் ஃபேன் கிடையாது.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. பெயிண்ட் முடிந்த மகிழ்ச்சியில் கப்பல் முழுக்கப் பழுப்புக் கோடு இழுத்து, கடலடியிலிருந்து மீட்ட கப்பல் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். உப்புக்காற்றில் வாழும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போய் இரும்பு விசைப்படகு ஒன்றை நின்று பாருங்கள். சங்கிலி உரசும் இடம், தண்ணீர் வடியும் துளை, ஓரம் அடிபட்ட இடம், அங்கிருந்து மட்டும் துரு கீழ்நோக்கி வழியும். நடுச்சுவரில் காரணமில்லாமல் வழியாது.

பையனின் யமாட்டோ இப்போது அலமாரி மேல் தூங்குகிறது. அவன் 33 சென்டிமீட்டரில் ஒரு அமெரிக்க டெஸ்ட்ராயர் (சிறிய ரகப் போர்க்கப்பல்) செய்துகொண்டிருக்கிறான், தளம் வரை வந்துவிட்டான். போன வாரம் என் எம்டனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டியில மூணு புகைபோக்கிதானே போட்டிருக்கு, பக்கத்துல இது என்னண்ணே?" என்றான். 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழையும்போது, நாலு புகைபோக்கி கொண்ட பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத் என்று நினைக்கட்டும் என்று எம்டன்காரர்கள் போலியாக ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். ஊதுபத்தி சுற்றி வந்த தாளைச் சுருட்டி, சாம்பல் நிறம் அடித்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் ஒட்டவில்லை. சென்னை எம்டன் வேண்டுமென்றால் எடுத்துவிடுவேன், பினாங்கு எம்டன் வேண்டுமென்றால் திரும்ப நிறுத்துவேன்.