ஊருக்குப் போனால் எப்படிக் கதைப்பது

யாழ்ப்பாணத்துக்குப் பெட்டி கட்டத் தொடங்கும்போதே பிள்ளைகளோடு ஊர்ப் பேச்சையும் பழகுங்கள். போன முறை என் மகள், "அம்மம்மா, மாமா என்கூட ரொம்ப நேரம் பேசினாரு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். மா அரித்துக்கொண்டிருந்த அம்மா அரிதட்டைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் பிள்ளைக்குப் பேசினவன்? என்ன குழப்படி செய்தனீங்கள்?" எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பதுதான். தமிழ்நாட்டுத் தொடர்களைப் பார்த்துத் தமிழ் பழகிய பிள்ளைகள் இந்த இடத்தில் கட்டாயம் மாட்டுப்படுவார்கள்.

அடுத்தது மரியாதை. ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லோரும் ஒரே 'யூ'. ஊரில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. 'நீர்' வயதில் மூத்தவர் இளையவரிடம் சொல்வது, கணவன் மனைவியிடம் சொல்வது. உங்கள் மகன் அதைக் கடைக்கார ஐயாவிடம் சொன்னால் அவர் முகம் மாறிவிடும். பிள்ளைகளுக்கு 'நீங்கள்' ஒன்றை மட்டும் பழக்குங்கள், கூடவே வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ. அது போதும்.

பெரியவர்களுக்கு வேறு சிக்கல். எண்பதுகளில் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள் அன்றைய சொற்களோடுதான் போய் இறங்குகிறோம். காணி அலுவலாகப் போய் ஒரு பெடியனிடம் "ஏ.ஜீ.ஏ. கந்தோர் எங்கே?" என்று, அதாவது உதவி அரசாங்க அதிபரின் அலுவலகத்தைக் கேட்டேன், அவனுக்கு விளங்கவில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது பிரதேச செயலகம் ஆகிவிட்டது. கந்தோர் என்ற ஒல்லாந்தர் சொல்லும் இளம் ஆட்களின் வாயில் குறைந்துவிட்டது. ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் பதவி 1963இலேயே போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்தவரையும் கிழவர்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள், இளசுகள் கிராம சேவகர் என்பதைச் சுருக்கி ஜீ.எஸ். என்பார்கள், படிவத்தில் கிராம அலுவலர் என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான். படிவம் நிரப்பும்போது அதில் அச்சிட்டிருக்கும் பெயரையே எழுதுங்கள், அலைச்சல் மிச்சம்.

மட்டக்களப்புப் பக்கம் போனால் 'மறுகா' என்பார்கள். பிறகு என்று அர்த்தம்.

சரி, விடைபெறும்போது "போறன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "போயிட்டு வாறன்" என்றால்தான் வாசலில் நிற்கும் அம்மாவின் மனம் ஆறும். ஆனால் செத்தவீட்டில் அதுவே கூடாது. அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதை வாகனத்தில் ஏறும்போதே சொல்லிவையுங்கள்.