வூர்ட்ஸ்பர்கில் ஒரு நாள்: அரண்மனையும் தேவாலயங்களும் பார்க்கும் முறை

ஜெர்மனியில் பழைய ஊர் ஒன்றை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது வூர்ட்ஸ்பர்க். பவேரியா மாநிலத்தின் வடக்கே, மைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடக்கிற தூரம்தான்.

நான் முதல் தடவை போனபோது அரண்மனையில் தொடங்கி, கண்ணில் பட்ட தேவாலயத்தில் எல்லாம் நுழைந்து வந்தேன். சாயங்காலம் களைத்துப்போய், கடைசியாக நகர மண்டபத்துக் கட்டடத்தில், போரில் இடிந்த ஊரின் சிறு மாதிரி வடிவத்தைப் பார்த்தேன். அடடா, இதைக் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் கீழே சொல்லும் வழி, நான் போன வழிக்கு நேர் தலைகீழ்.

கிளம்பும் முன்

பிராங்க்பர்ட்டிலிருந்து விரைவு ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம், நூரெம்பெர்கிலிருந்து ஒரு மணி நேரம். ‘பயர்ன் டிக்கெட்’ என்ற, பவேரியாவுக்கான ஒருநாள் சீட்டு மலிவு. ஆனால் அது விரைவு ரயிலுக்குச் செல்லாது, வேலை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், பிராங்க்பர்ட் பவேரியாவிலேயே இல்லை. இந்த மூன்றையும் மறந்து ஏறினால் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள். தேவாலயங்களில் திருப்பலி நடக்கும். அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், விட்டாலும் நுழையாமல் இருப்பதே மரியாதை. உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆண்கள் தொப்பியைக் கழற்றினால் போதும். தெருவெல்லாம் கல் பாவியது. அதற்கேற்ற ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் இடிந்த ஊரைப் பாருங்கள்

ரயில் நிலையத்திலிருந்து டிராம் பிடித்து நகர மண்டபத்தருகே இறங்குங்கள். கிராஃபனெக்கார்ட் என்ற பழைய கோபுரக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு சின்ன நினைவு அறை இருக்கிறது. கட்டணம் இல்லை. நடுவில் 1945-ஆம் ஆண்டு ஊர் இருந்த நிலையைக் காட்டும் மாதிரி. வீடுகளுக்குச் சுவர் இருக்கிறது, கூரை இல்லை. ஒன்றிரண்டு தெரு இல்லை, ஊர் முழுக்க அப்படித்தான்.

அந்த ஆண்டு மார்ச் 16 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் இருபது நிமிடம்போலக் குண்டு வீசின. சுமார் 5,000 பேர் இறந்தார்கள். பழைய நகரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு எரிந்துபோனது. பத்து நிமிடம் இங்கே நின்றுவிட்டு வெளியே வாருங்கள். இனி எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும், இதில் எது தப்பியது, எது திரும்பக் கட்டியது என்ற கேள்வி தானாக வரும். இன்றைக்கு நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

படி 2: மாரியன்கபெல்லெ

ஐந்து நிமிட நடையில் சந்தைச் சதுக்கம். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் உயரமான கோதிக் கட்டடம்தான் மாரியன்கபெல்லெ. இத்தனை பெரிதாக இருந்தும் இது வட்டாரத்து மக்களுக்கான பங்குக் கோயிலாக இருந்ததில்லை என்பதால் ‘சிற்றாலயம்’ என்றே பெயர். 1377-இல் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன் இங்கே இருந்தது யூதர்களின் தொழுகைக்கூடம். 1349-இல் யூதர்களைக் கொன்றபோது அதையும் அழித்தார்கள். சந்தைக் கூட்டத்தில் நிற்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உள்ளே ஓடாதீர்கள். முதலில் வடக்கு வாசலுக்குப் போய் மேலே பாருங்கள். இயேசு பிறக்கப்போகிறார் என்று வானதூதர் கபிரியேல் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. மேலே அமர்ந்திருக்கும் கடவுளின் வாயிலிருந்து ஒரு குழாய் கிளம்பி வளைந்து வந்து மரியாளின் காதில் முடிகிறது. அந்தக் குழாயின் மேல் குட்டிக் குழந்தை ஒன்று தலைகீழாகச் சறுக்கிக்கொண்டு வருகிறது! கடவுளின் வார்த்தையே மனிதனாகி இயேசுவாகப் பிறந்தது என்ற மறைபொருளை யாரோ ஒரு சிற்பி அப்படியே குழாய் போட்டுக் காட்டிவிட்டார். எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த சிற்பம் இதுதான்.

தெற்கு வாசலில் ஆதாமும் ஏவாளும். செதுக்கியவர் டில்மன் ரீமன்ஷ்னைடர். வாசலில் இருப்பவை நகல்கள், அசல் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே பால்தசார் நொய்மன் என்ற கட்டடக்கலைஞரின் கல்லறை. இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், மதியம் அவர் கட்டிய வீட்டுக்குத்தான் போகிறோம்.

படி 3: நொய்மூன்ஸ்டரும் பேராலயமும்

நொய்மூன்ஸ்டர் தேவாலயமும் பேராலயமும் பக்கத்துப் பக்கத்தில். நொய்மூன்ஸ்டரின் நிலவறையில், 689-இல் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் அயர்லாந்துத் துறவி கிலியனின் நினைவிடம். பக்கத்திலுள்ள சிறு முற்றத்தைத் தவறவிடாதீர்கள். இடைக்காலப் பாடல் கவிஞர் வால்தரின் நினைவுக் கல் அங்கே இருக்கிறது. தன் கல்லறையில் பறவைகளுக்குத் தினமும் இரை வைக்கச் சொன்னார் என்று ஒரு கதை. அதற்காகவே கல்லின் மேல் சிறு குழிகள் வெட்டியிருக்கிறார்கள்.

புனித கிலியன் பேராலயம் 1040 வாக்கில் தொடங்கியது. நுழைந்ததும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். நீண்ட வெள்ளைக் கூடம், தட்டையான கூரை. பீடத்தை நெருங்கினால் மட்டும் சுதை வேலைப்பாடுகள் பொங்கி வழியும். காலையில் பார்த்த மாதிரியை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டுக்குத் தாக்குப்பிடித்த சுவர்களில் ஒரு பகுதி 1946-இல் சரிந்தது. மீண்டும் திருநிலைப்படுத்தியது 1967-இல். அந்த வெறுமை ஏழ்மை அல்ல, போனதைப் போனதாகவே விட்டுவைத்த இடம்.

கூடத்துத் தூண்களில் ஆயர்களின் (பிஷப்புகளின்) கல்லறைச் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. செம்பளிங்கில் ருடால்ஃப் ஃபான் ஷெரன்பெர்க் எங்கே என்று தேடுங்கள். இதுவும் ரீமன்ஷ்னைடர் கைவேலை. தொண்ணூறு வயதைக் கடந்து இறந்தவர். கன்னம் தொங்க, தோல் சுருங்க, அப்படியே கிழவராகச் செதுக்கியிருக்கிறார். அதிகாரத்தில் இருந்தவரை இளமையாகக் காட்டவில்லை. பிற்பாடு ரீமன்ஷ்னைடரே ஊர் மேயராக இருந்தார். 1525 விவசாயிகள் கிளர்ச்சியில் ஆயருக்கு எதிர்ப்பக்கம் நின்றதால் கோட்டையில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். கையை முறித்தார்கள் என்பது ஊர்க்கதை.

மதியச் சாப்பாட்டைச் சந்தையிலேயே முடித்துக்கொள்ளலாம். சைவம் என்றால் ப்ரெட்சலும் பாலாடைக்கட்டியும்.

படி 4: ரெசிடென்ஸ் அரண்மனை

பேராலயத்திலிருந்து பத்து நிமிடம். இந்த ஊரில் ஆயரே அரசர். பழைய ஆயர்கள் குன்றின் மேல் கோட்டையில் இருந்தார்கள். ஷோன்போர்ன் குடும்பத்து ஆயர், கீழே இறங்கி வாழ ஆசைப்பட்டு 1720-இல் இதைத் தொடங்கினார். பொறுப்பு நொய்மனிடம். அவர் மணியும் பீரங்கியும் வார்க்கும் தொழில் கற்று வந்தவர். இந்த அரண்மனை 1981-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம்.

சீட்டு வாங்கும்போதே ஆங்கில வழிகாட்டிச் சுற்று எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கண்ணாடி அறையை அந்தச் சுற்றில் போனால்தான் பார்க்க முடியும். பெரிய பைகளை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள்.

அப்புறம் படிக்கட்டு. இங்கே அவசரப்பட்டால் வந்ததே வீண். முதல் படியில் நின்று மேலே பாருங்கள், நான்கு கண்டங்களைக் காட்டும் கூரை ஓவியத்தின் ஒரு துண்டுதான் தெரியும். ஏற ஏற அமெரிக்கா விரிகிறது, முதலை மேல் ஒரு பெண். பக்கவாட்டில் ஒட்டகத்தோடு ஆப்பிரிக்கா, யானையோடு ஆசியா. நடுத்தளத்தில் படிக்கட்டு திரும்புகிறது, நீங்களும் திரும்புகிறீர்கள், அங்கே ஐரோப்பா. வெனிஸ் ஓவியர் டியெப்போலோ 1752-53-இல் வரைந்தது, 600 சதுர மீட்டருக்கும் மேல். நம் கால் நடக்கும் வேகத்தைக் கணக்கில் வைத்து வரைந்த ஓவியம் இது.

ஐரோப்பாவின் அடி விளிம்பில் பீரங்கி மேல் சாய்ந்தாற்போல் சீருடையில் ஒருவர், பக்கத்தில் நாய். அவர்தான் நொய்மன். ஓவியத்தைத் தாங்கும், 30 மீட்டருக்கும் நீளமான இந்தக் கல் வளைவுக் கூரைக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லை. விழுந்துவிடும் என்றவர்களிடம், அடியில் பீரங்கி வெடித்துப் பாருங்கள் என்று சொன்னாராம். பீரங்கி வெடிக்கவில்லை, ஆனால் 1945 வந்தது. மரக் கூரைகள் எரிந்து விழுந்தன, இந்த வளைவு நின்றது. அமெரிக்க ராணுவ அதிகாரி ஜான் ஸ்கில்டன் மரம் தேடிப்பிடித்துத் தற்காலிகக் கூரை போட்டதால் மழையில் ஓவியம் ஊறிப்போகாமல் தப்பியது.

கண்ணாடி அறை தப்பவில்லை. எஞ்சிய ஒரு துண்டு, பழைய படங்கள் ஆகியவற்றை வைத்து 1979 முதல் 1987 வரை உட்கார்ந்து மறுபடி செய்தார்கள். புதிது என்று தெரிந்தும் எனக்கு வாய் பிளந்தது.

அரண்மனை ஆலயமும் பின்புறத் தோட்டமும் இலவசம். கால் வலித்தால் தோட்டத்தில் உட்காருங்கள்.

படி 5: சாயங்காலம், ஒரே ஒரு குன்று

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு குன்றுகள். ஒன்றில் மரியன்பெர்க் கோட்டை, இன்னொன்றில் நொய்மன் கட்டிய கெப்பெல்லெ என்ற சிறு யாத்திரை ஆலயம். இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். நான் கெப்பெல்லெயைச் சொல்வேன். இயேசு சிலுவை சுமந்து போன காட்சிகளைக் காட்டும் சிலுவைப் பாதை நிலைகளின் ஊடாகப் படி ஏறிப் போகலாம், மேலிருந்து கோட்டையும் ஊரும் சேர்ந்து தெரியும்.

இறங்கி வந்ததும் புனிதர் சிலைகள் நிற்கும் பழைய மைன் பாலம். ஊர்க்காரர்கள் கையில் ஒயின் கிளாஸோடு அதன் மேல் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பாலத்தடியில் கடை இருக்கிறது. குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறும் கிடைக்கும். கிளாஸுக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்புங்கள், நான் மறந்துபோய் ஒரு கிளாஸோடு ஊர் திரும்பினேன்.